கூதல் கீழிருந்து வருகிறது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து நான்கு நண்பர்கள் தை மாதத்தில் காரில் கிளம்பி, மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் அனுமதி வாங்கிக் கூடாரம் அடித்திருக்கிறீர்கள். பகலெல்லாம் நல்ல வெயில். ஓடைக்கரையில் மெத்தென்ற புல்தரை. ஆளுக்கு இரண்டு போர்வை, காற்றடித்த மெத்தை இரண்டு. இரவு பதினொரு மணிக்கு நடுக்கம் தொடங்கி, ஒரு மணிக்குக் கூடாரத்தின் உட்புறம் சொட்டி, இரண்டு மணிக்கு நால்வரும் காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். போர்வை போதவில்லையா, அடுப்புக் கரியைக் கூடாரத்துக்குள் வைத்திருக்கலாமா, அடுத்த முறை இவ்வளவு தூரம் போகாமல் மாஞ்சோலை மலையில் இருக்கும் நம் குதிரைவெட்டியிலேயே கூடாரம் அடிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

போர்வை போதும். போட்ட இடம்தான் சரியில்லை. எட்டுப் போர்வையையும் உடம்புக்கு மேலே போட்டிருக்கிறீர்கள். கீழே ஒன்றுகூட இல்லை.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது மாஞ்சோலைக்கும் மேலே, ஊத்து எஸ்டேட்டில். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அங்கேதான் போவோம். மணிமுத்தாறு சோதனைச் சாவடி தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போதே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வோம். மார்கழியில் அங்கே மழையும் கூதலும் சேர்ந்து அடிக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நாளிதழ்களின் மழை அளவுப் பட்டியலைப் பார்த்தால் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்கள் அடிக்கடி மேலே நிற்கும். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் சிமென்ட் தரையில் அத்தை படுக்கை விரிக்கும் முறையே தனி. முதலில் பழைய சாக்கு. அதன்மேல் நாளிதழ் நாலைந்து மடிப்பு. அதன்மேல் கோரைப்பாய். பாய்க்கு மேலே கம்பளி ஒன்று. அதன் பிறகுதான் நாங்கள். எங்களுக்கு மேலே ஒரே ஒரு கம்பளி. கீழே கிடக்கும் கம்பளியையும் மேலே போட்டுக்கொண்டால் என்ன என்று ஒருநாள் முரண்டு பிடித்தேன். அத்தை மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். நள்ளிரவில் நானே எழுந்து அதைக் கீழே விரித்துக்கொண்டேன். பின்னாளில் பள்ளி ஆசிரியராகி, இருபது ஆண்டுகள் மாணவர்களை மலை முகாம்களுக்கு அழைத்துப்போனபோது நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: மேலே ஒன்று என்றால் கீழே இரண்டு.

காரணம் எளிது. போர்வை தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றுதான் உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. உடம்புக்கு அடியில் கிடக்கும் போர்வையை உங்கள் எடை நசுக்கிவிடும். அதில் காற்று ஏறக்குறைய இருக்காது. உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பையான ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கமும் அப்படித்தான். ஆகவே கீழே போடுவது நசுங்காத பொருளாக இருக்க வேண்டும், அல்லது நசுங்கினாலும் மிச்சம் இருக்கும் அளவுக்குப் பல அடுக்காக இருக்க வேண்டும். தரை என்பது முடிவில்லாத குளிர்ச் சேமிப்பு. நீங்கள் எவ்வளவு சூட்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.

காற்றடித்த மெத்தைதான் எல்லோரையும் ஏமாற்றுவது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் படுத்திருக்கிறோமே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது தடுப்பே இல்லாத பெரிய காற்றறை. உங்கள் முதுகுப் பக்கம் சூடான காற்றும் தரைப் பக்கம் குளிர்ந்த காற்றும் அதற்குள் புரண்டு புரண்டு கலந்துகொண்டே இருக்கும். விரிப்புகள் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஆர் மதிப்பு என்று ஓர் அளவு உண்டு. உள்ளே பஞ்சு வைக்காத சாதாரணக் காற்று மெத்தைக்கு அது 1ஐ ஒட்டித்தான் இருக்கும். விலை குறைந்த, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கெட்டி ஃபோம் பாய்க்கு 2 அளவுக்கு வரும். உறைபனி விழும் இடத்தில் 4 வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இந்த எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள நல்ல செய்தி. உங்கள் காற்று மெத்தைமேல் ஃபோம் பாய் ஒன்று, அதன்மேல் இரண்டு போர்வை மடித்துப் போட்டிருந்தால் அன்றைய இரவு வேறு மாதிரிப் போயிருக்கும். ஃபோம் பாய் இல்லையா? வத்தலக்குண்டில் ஏதாவது மளிகைக் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கிடைத்திருக்கும். பிரித்து மூன்றடுக்காகப் போடுங்கள். தெர்மோகோல் இன்னும் நல்லது. புரளும்போது கிரீச்சிடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பளபளக்கும் வெள்ளித் தாள் விரிப்பைப் பலர் வாங்கி வருகிறார்கள். அது கதிராகப் போகும் சூட்டைத் திருப்பும். தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது தொட்டு உறிஞ்சும் குளிரை அது தடுப்பதில்லை.

பாய் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பத்தமடை நினைவுக்கு வரும். ஒருவர் பெருமையோடு பத்தமடைப் பாயைச் சுருட்டிக்கொண்டு மலையேறி வந்து முதுகு விறைத்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தாமிரபரணிக் கரைக் கோரையில் பட்டுப்போல நெய்த அந்தப் பாய் சித்திரை வெயிலுக்காகப் பிறந்தது. உடம்புச் சூட்டை வாங்கிக் கீழே விட்டுவிடுவதுதான் அதன் அருமையே. மலையில் அதைத் தனியாக நம்பாதீர்கள். அடுக்குகளில் ஒன்றாக இருந்தால் சரி.

இனி இடம். இதைப் பற்றித்தான் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபம். ஓடைக்கரை, சமதரை, புல் மூன்றும் சேர்ந்த இடம் பகலில் கண்ணுக்கு அழகு. இரவில் அதுதான் அந்தச் சரிவிலேயே அதிகம் குளிரும் இடம். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். நீங்கள் அந்தக் குளத்தின் அடியில் படுத்திருந்தீர்கள். அதே சரிவில் ஐம்பது அறுபது அடி மேலே, மரங்களின் ஓரமாக அடித்திருந்தால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருந்திருக்கும். உச்சியும் வேண்டாம், அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். நடுச்சரிவுதான் சரி. அந்தப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற விவசாயிகளிடம் இதைக் கேட்டால் போதும். எந்த வயலில் உறைபனி விழுந்து செடி கருகும், எந்த வயலில் விழாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பனி விழாத வயலின் வரப்போரம் உங்கள் கூடாரத்துக்கு உரிய இடம். இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பளிக்காக ஆடு வளர்க்கிற ஊருக்குக் கம்பளி இல்லாமல் போயிருக்கிறீர்கள்!

குளிரை முன்கூட்டியே கணிக்க முடியாதா என்றால், முடியும். நம் ஊரில் தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதற்கே காதில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் நாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் ஏழாயிரம் அடி, அதாவது 2,100 மீட்டர் சொச்சம். நெல்லையின் 22இல் 13 போனால் 9. மேகமில்லாத இரவில், அதுவும் பள்ளத்தில், இன்னும் ஐந்தாறு டிகிரி போய்விடும். காலையில் புல் வெள்ளையாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் தரையை ஒட்டிய காற்று சுழியத்தையே தொட்டிருக்கிறது. சாயங்காலம் அண்ணாந்து பாருங்கள். மேகம் மூடியிருந்தால் அது மலைக்குப் போர்வை. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தால், ரசித்துவிட்டு உடனே இன்னும் ஓர் அடுக்குக் கீழே போடுங்கள். கையடக்க வெப்பமானி ஒன்று வண்டியில் கிடக்கட்டும். தெளிந்த வானத்தில் இரவு எட்டு மணிக்கு அது காட்டுவதிலிருந்து ஆறு ஏழு டிகிரி கழித்தால் விடியற்காலை எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகியதில்லை. எட்டு மணிக்கே 10 காட்டினால், கையில் இருப்பது வீட்டுப் போர்வை மட்டும் என்றால், கூடாரத்தை மடித்துவிட்டு அறை தேடுங்கள். அந்த முடிவை இரவு எட்டு மணிக்கு எடுக்கலாம். இரண்டு மணிக்கு எடுக்க முடியாது.

அடுத்த முறை ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒருமுறை மாணவர்களுக்காகப் பன்னிரண்டு எடுத்தேன். 5 டிகிரி தாங்கும் என்றார் கடைக்காரர். 8 டிகிரியிலேயே பிள்ளைகள் நடுங்கினார்கள். பிறகுதான் உள்ளே தைத்திருந்த சீட்டைப் படித்தேன். அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வசதியாகத் தூங்கும் அளவு, மற்றது எல்லை அளவு. கடைக்காரர் சொன்னது எல்லை. எல்லை என்பது குறுகிச் சுருண்டு எப்படியோ இரவைத் தள்ளிவிடலாம் என்கிற அளவு. குளிர் பழகாத நாம் முதல் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும், அதிலும் ஐந்து டிகிரி கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. வாடகைப் பை மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டிக் கிடந்திருக்கும்; படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே உதறி விரித்தால்தான் பஞ்சு உப்பும்.

கூடாரத்துக்குள் சொட்டியது மழை இல்லை, உங்கள் மூச்சு. நான்கு பேர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் வெளியேறும் ஈரம் ஏறக்குறைய ஒரு லிட்டர். குளிருதே என்று எல்லாத் திறப்புகளையும் இழுத்து மூடியிருப்பீர்கள். அந்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிப் போர்வைமேல் விழுந்தது. நனைந்த போர்வையில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை 25 மடங்கு வேகமாகக் கடத்தும். கூடாரத்தின் மேல் திறப்பையும் எதிர்ப்பக்கத்தில் கீழ்த் திறப்பையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். குளிர் கூடுவதுபோல் தோன்றும், ஆனால் காய்ந்திருப்பீர்கள். முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடுவதும் இதே தவறுதான். தலைக்குக் குல்லாய் போட்டு மூக்கை வெளியே விடுங்கள்.

கரிக்கு வருகிறேன். உங்கள் நண்பர் கேட்டதும், நீங்கள் பயந்து மறுத்ததும் நன்றாயிற்று. அந்தப் பயம் உங்கள் நான்கு பேரையும் காப்பாற்றியிருக்கலாம். தணல் புகையாமல் செக்கச் சிவந்து கிடக்கும்போது ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேயிருக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. இரத்தத்தில் உயிர்வாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், அதுவும் உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு. லேசான தலைவலி, பிறகு மயக்கம் கலந்த தூக்கம். தூங்குகிறவனுக்கு அந்தத் தலைவலியும் தெரியாது. கரி மட்டுமில்லை, கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிக்கேன் விளக்கு எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம். திறப்பைத் திறந்து வைத்தால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். வேண்டாம். இதில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை.

அதே வாயு உங்கள் கார் சைலன்சரிலும் வருகிறது. நான்கு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பெரிய துணிச்சல்தான். புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலோ, வண்டியின் பின்புறம் மேட்டில் முட்டிக்கொண்டு நின்றிருந்தாலோ புகை உள்ளே திரும்பும். காய்ந்த புல்மேல் நின்றால் சூடான சைலன்சர் தீ வைத்துவிடும் அபாயமும் உண்டு. கார் நல்ல அடைக்கலம்தான்: தரையிலிருந்து உயரம், காற்றும் புகாது. எஞ்சினை அணைத்து, எதிரெதிர்க் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி, போர்வைகளை இருக்கைமேல் விரித்துப் படுத்தால் போதும். ஹீட்டர் வேண்டும் என்றால் எல்லோரும் விழித்திருக்கும்போது பத்து நிமிடம். பிறகு அணைத்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு மலையிறங்கிவிடாதது நல்ல புத்தி. பனிமூட்டத்தில் தூக்கக் கலக்கத்தோடு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுவதைவிடக் குளிரே மேல்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள். பருத்தி ஈரத்தை விடாது. படுக்கைக்கென்று காய்ந்த உடுப்பும் காலுறையும் தனியே ஒரு பையில் கட்டி வையுங்கள், பகலில் எவ்வளவு ஆசை வந்தாலும் தொடாதீர்கள்.

சாப்பாட்டில் நெல்லைக்காரர்களுக்குக் கடவுளே துணை. படுக்கும் முன் நெய்யும் இனிப்பும் கலந்த எதையாவது சாப்பிட்டால் உடம்பு அதை எரித்துக்கொண்டே சூடு தரும். வண்டியில் எப்படியும் அல்வா இருந்திருக்குமே, அதை யாருக்குக் கொண்டுபோனீர்கள்? நெய் உறைந்திருக்கும், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் நல்லது. மது வேண்டாம். குடித்ததும் சூடேறுவதுபோல் தோன்றும். உடம்பின் உள்ளே இருக்க வேண்டிய சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விடுவதுதான் அது செய்யும் வேலை. சிறுநீர் வந்தால் சோம்பிப் படுத்திருக்காமல் எழுந்து போய்விட்டு வாருங்கள்; அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கமும் வராது, கூதலும் அடங்காது. படுக்கும் முன் இருபது தோப்புக்கரணம் போட்டு, வியர்க்கும் முன் நிறுத்திப் போர்வைக்குள் புகுந்தால் முதல் அரைமணி நேரம் சுகம். கொதித்துச் சற்றே ஆறிய வெந்நீரைக் கெட்டி மூடியுள்ள எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக் காலுறைக்குள் நுழைத்து அடிவயிற்றிலோ தொடைகளுக்கு நடுவிலோ வைத்துக்கொள்ளுங்கள். விடிய விடிய நிற்கும். காலையில் அடுப்பு சீறவே இல்லை என்றீர்களே, அதற்கும் குளிர்தான் காரணம். சிறிய கேஸ் குப்பியில் இருக்கும் பியூட்டேன் சுழியத்துக்கு அருகில் ஆவியாக மறுக்கும். இரவில் குப்பியைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் காப்பி உண்டு.

எந்த நிலையில் இது விளையாட்டில்லை என்று தெரிந்துகொள்வது? நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் குறையாமலே நடுக்கத்தை நிறுத்தினால், பேச்சு குழறினால், பொத்தான் போடத் தெரியாமல் தடுமாறினால் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர உடையைக் கழற்றி, கீழேயும் மேலேயும் காய்ந்தது போட்டு, இன்னொருவர் அவரை ஒட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம். கைகால்களைத் தேய்க்க வேண்டாம், தணல் அருகே உட்கார வைக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். இதற்கு உறைபனியே தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 12 டிகிரியிலும் நடக்கும்.

அதனால்தான் குதிரைவெட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊத்துக்கும் அப்பால் இருக்கும் அந்த இடம், மாஞ்சோலை, காக்காச்சி எல்லாமே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. மேலே போவதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும்; நினைத்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்க வழியில்லை. மறைவாக அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யானையும் கரடியும் நடமாடும் காடு அது. மெல்லிய நைலான் துணி எதையும் தடுக்காது. மலையடிவாரம் போதும் என்று மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்புகளைத் தேடாதீர்கள். அங்கேயும் இரவில் தென்னையைச் சாய்க்க யானை இறங்கும். அடுக்குப் படுக்கையைப் பழகிப் பார்க்கத்தான் என்றால், மலையைவிட்டுத் தள்ளி, பாவூர்சத்திரம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் மார்கழியில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். கூடாரம் அடிக்கும் கை பழகும், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரியும். பிறகு மன்னவனூருக்கே போங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருப்பதால் அதை முதலில் எடுத்துவிட்டு, தோட்டக்காரரிடம் கூடாரத்துக்கு இப்போதும் அனுமதி உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். அந்த ஈரக் கூடாரம் இன்னும் டிக்கியில் மடித்தபடியே கிடக்கிறது என்று நினைக்கிறேன். இன்றே எடுத்து மாடியில் கொடி கட்டி விரியுங்கள். மதிய வெயிலில் நாள்கணக்கில் போட்டால் நைலான் இற்றுவிடும். காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல். தையல் ஓரங்கள் காய்ந்துவிட்டனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியுங்கள்.